முதல் முறை பெங்களூரு போகிறீர்களா?

பெங்களூரு கர்நாடக மாநிலத்தின் தலைநகரம். நம் மக்கள் பெங்களூர் என்று சொல்வார்கள். 2014ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி முதல் அரசுப் பதிவுகளில் அதன் பெயர் பெங்களூரு.

கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, வேலூர் மாவட்டங்களிலிருந்து தினமும் பலர் அங்கே போகிறார்கள். சிலர் கட்டட வேலைக்குப் போகிறார்கள். சிலர் மகன், மகளைப் பார்க்கப் போகிறார்கள். சிலர் வைத்தியத்துக்குப் போகிறார்கள்.

ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளி வந்துவிட்டால் கர்நாடகம். தூரம் குறைவுதான். ஆனாலும் முதல் முறை போகிறவருக்குப் பயம் இருக்கும். "எங்கே இறங்குவது? யாரைக் கேட்பது? வழி தவறினால் என்ன செய்வது?" என்று மனம் அடித்துக்கொள்ளும்.

பயம் வேண்டாம். கொஞ்சம் முன்யோசனை இருந்தால் போதும்.

1. பலகை புரியவில்லையே!

நாம் தமிழ் எழுத்துக் கற்றோம். நம் ஊரில் பேருந்துப் பலகையைப் படிக்கிறோம். கடைப் பெயரைப் படிக்கிறோம். யாரையும் கேட்காமல் பேருந்தில் ஏறுகிறோம். அதில் ஒரு மகிழ்ச்சி.

பெங்களூரில் இறங்கினால் பலகையில் வேறு எழுத்து. வட்ட வட்டமாக இருக்கும். அது கன்னட எழுத்து. பக்கத்தில் ஆங்கிலமும் இருக்கும். தமிழ் பெரும்பாலும் இருக்காது.

அப்போது மனம் சோர்ந்துபோகும். "இவ்வளவு படித்தும் பயன் இல்லையே! பழையபடி எழுத்துத் தெரியாதவள் ஆகிவிட்டேனே!" என்று தோன்றும்.

அப்படி நினைக்க வேண்டாம். சென்னையில் பெரிய படிப்புப் படித்தவருக்கும் கன்னட எழுத்துப் புரியாது. பெங்களூரில் பெரிய படிப்புப் படித்தவர் நம் ஊருக்கு வந்தால் தமிழ்ப் பலகை புரியாது. இது படிப்பில் உள்ள குறை அல்ல. மொழி வேறு. அவ்வளவுதான்.

எழுத்து மாறினாலும் மாறாதவை மூன்று உண்டு.

ஒன்று, எண். பேருந்து எண், வீட்டு எண், போன் எண் எல்லாம் நாம் கற்ற 1, 2, 3தான்.

இரண்டு, நிறம். அங்கே மெட்ரோ ரயில் பாதைகளுக்கு நிறத்தால் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மூன்று, நம் கையில் உள்ள சீட்டு. அதை நாம்தான் எழுத வேண்டும்.

2. புறப்படும் முன் சீட்டு எழுதுங்கள்

செல்போனில் எண் இருக்கிறது, அது போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போனில் சார்ஜ் தீர்ந்துவிடலாம். போன் தொலைந்துவிடலாம். அப்போது ஓர் எண்கூட நினைவுக்கு வராது. ஆகவே தாளில் எழுதுங்கள். ஒரு சீட்டு இப்படி இருக்கலாம்:

போகும் இடம்: ஜெயதேவா இதய மருத்துவமனை
பகுதி: பன்னேர்கட்டா சாலை, ஜெயநகர் 9வது பிளாக்
ஊர்: பெங்களூரு 560069
இறங்கும் இடம்: ஜெயதேவா மெட்ரோ நிலையம்
ஊரில் உள்ளவர் போன் எண்: ____________

இதே முகவரியை அடியில் ஆங்கிலத்திலும் எழுதி வாங்குங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதித் தருவான். கன்னடம் தெரிந்தவர் இருந்தால் கன்னடத்திலும் எழுதி வாங்குங்கள். உங்களுக்குப் பேச்சு வராத இடத்தில் சீட்டு பேசும்.

இருவர் போனால் இரண்டு சீட்டு எழுதுங்கள். ஆளுக்கு ஒன்று இருக்கட்டும்.

பெங்களூரு முகவரியில் ஒரு சங்கதி உண்டு. அங்கே பல தெருக்களுக்குப் பெயர் கிடையாது. எண்தான். "5வது மெயின், 12வது கிராஸ்" என்பார்கள். மெயின் என்றால் பெரிய தெரு. கிராஸ் என்றால் குறுக்குத் தெரு. ஜெயநகரிலும் 5வது மெயின் இருக்கும். வேறு பகுதியிலும் 5வது மெயின் இருக்கும். ஆகவே தெரு எண் மட்டும் போதாது. பகுதியின் பெயர் வேண்டும். பிளாக் எண் வேண்டும். பின்கோடு எண்ணும் வேண்டும். பெங்களூரு நகரப் பின்கோடு 560 என்று தொடங்கும்.

3. எண்ணிக்கொண்டே போன அம்மா

காவேரிப்பட்டினம் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே ஓர் அம்மா இருக்கிறார். மாலை வகுப்பில் எழுத்துக் கற்றவர். அவருடைய வீட்டுக்காரருக்கு இதயத்தில் கோளாறு. "ஜெயதேவா மருத்துவமனைக்குப் போங்கள்" என்று டாக்டர் கடிதம் கொடுத்துவிட்டார். மகனுக்குத் திருப்பூரில் வேலை. லீவு கிடைக்கவில்லை. இருவர் மட்டும்தான் போக வேண்டும்.

அம்மா சீட்டு எழுதினார். விடியும் முன் புறப்பட்டார்கள். ஓசூர் பேருந்து நிலையத்தில் நடத்துநரைக் கேட்டார்.

"அண்ணா, பொம்மசந்திரா மெட்ரோ கிட்ட பஸ் நிக்குமா?"

"நிக்கும்மா. எங்க போகணும்?"

"ஜெயதேவா ஆஸ்பத்திரிக்கு. இவருக்கு உடம்பு சரியில்ல."

"அப்போ மெட்ரோவுல ஏறுங்க, நேரா கொண்டுபோய் விடும். இடம் வந்தா நானே சொல்றேன். உக்காருங்க."

பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை மெட்ரோ ரயில் ஓடுகிறது. இதற்கு மஞ்சள் பாதை என்று பெயர். 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இதைத் திறந்தார்கள். ஓசூர்ப் பக்கமிருந்து போகிறவர்களுக்கு இது பெரிய உதவி. ஓசூர் சாலையில் வண்டி நெரிசல் அதிகம். சில்க் போர்டு சந்திப்பில் வெகுநேரம் நிற்க வேண்டி வரும். மெட்ரோ மேலே தனிப் பாதையில் போய்விடும்.

அம்மா டிக்கெட் ஜன்னலில் சீட்டைக் காட்டினார். இரண்டு டோக்கன் கொடுத்தார்கள். டோக்கன் நாணயம் போல வட்டமாக இருக்கும். உள்ளே போகும்போது அதை வாயில் இயந்திரத்தின் மேல் வைத்தால் கதவு திறக்கும். டோக்கனைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே வரும்போது இயந்திரத்தில் உள்ள துளையில் அதைப் போட்டால்தான் கதவு திறக்கும்.

நடைமேடையில் ஒரு காவலர் நின்றார். அம்மா கேட்டார்.

"ஐயா, ஜெயதேவா எத்தனாவது ஸ்டேஷன்?"

"ஹதிமூரு" என்றார் அவர்.

அம்மாவுக்குப் புரியவில்லை. காவலர் பத்து விரலைக் காட்டினார். பிறகு மூன்று விரலைக் காட்டினார். பதிமூன்று! அம்மா சீட்டின் பின்பக்கம் 13 என்று எழுதிக்கொண்டார்.

ரயில் புறப்பட்டது. நிற்கும் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு கோடு போட்டார். பதினோராவது நிலையத்தில் கூட்டம் இறங்கியது. அது சில்க் போர்டு. வீட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

"எல்லாரும் இறங்கறாங்களே. நாமும் இறங்கிடலாமா?"

"உக்காருங்க. இன்னும் ரெண்டு கோடு பாக்கி இருக்குது."

பதின்மூன்றாவது கோடு போட்டதும் இருவரும் இறங்கினார்கள். அம்மா வெளியே வந்து சீட்டைக் காட்டி வழி கேட்டார். மருத்துவமனை பக்கத்தில்தான் இருந்தது.

அன்று டாக்டர் பார்த்தார். மீண்டும் வர ஒரு தேதி சொன்னார். அந்தத் தேதியையும் அம்மா தன் கையால் எழுதிக்கொண்டார்.

எண்ணிக்கை தவறி அடுத்த நிலையத்துக்குப் போய்விட்டால் என்ன செய்வது? பதற்றம் வேண்டாம். இறங்கி அங்குள்ள ஊழியரிடம் சீட்டைக் காட்டுங்கள். எதிர்ப்பக்கம் போகும் ரயிலில் ஏற்றிவிடுவார்கள்.

வேறு இடம் போகிறவர்கள் நிறத்தை நினைவில் வையுங்கள். மஞ்சள் பாதையும் பச்சைப் பாதையும் ஆர்.வி. ரோட்டில் சேரும். பச்சைப் பாதையும் ஊதாப் பாதையும் மெஜஸ்டிக்கில் சேரும்.

4. பேருந்திலும் ரயிலிலும்

மெஜஸ்டிக் என்று எல்லோரும் சொல்லும் இடம் பெரிய பேருந்து நிலையம். அதன் உண்மையான பெயர் கெம்பேகவுடா பேருந்து நிலையம். மெஜஸ்டிக் என்பது அங்கே முன்பு இருந்த ஒரு சினிமாக் கொட்டகையின் பெயர். அதன் எதிரே ரயில் நிலையம் இருக்கிறது.

பெங்களூரில் ரயில் நிலையங்கள் பல. கிருஷ்ணராஜபுரம் ஒன்று. கன்டோன்மென்ட் ஒன்று. யஷ்வந்த்பூர் ஒன்று. பையப்பனஹள்ளிப் பக்கம் விஸ்வேஸ்வரய்யா முனையம் ஒன்று. "பெங்களூரு வந்துவிட்டது" என்று யாராவது சொன்னதும் இறங்கிவிடாதீர்கள். டிக்கெட்டில் உள்ள நிலையம் எது என்று முன்பே கேட்டு வையுங்கள்.

ஓசூர் சாலையில் பொம்மனஹள்ளிக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் நடுவே நீண்ட மேம்பாலம் உண்டு. கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர். மேலே ஏறிய பேருந்து நடுவில் நிற்காது. நடுவில் இறங்க வேண்டியவர்கள் ஏறும்போதே கேளுங்கள்: "மேம்பாலத்தில் போகுமா? கீழே போகுமா?"

நகரப் பேருந்தில் எண்ணைப் பாருங்கள். எண்ணோடு ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கலாம். எழுத்து மாறினால் வழியும் மாறும். ஆகவே எழுத்தையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். ஒரே எண் உள்ள பேருந்து போகும் திசையிலும் ஓடும், வரும் திசையிலும் ஓடும். ஏறும் முன் இடத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

நகரப் பேருந்தில் முன்பக்க இருக்கைகள் பெண்களுக்கு. ஆண்கள் அங்கே உட்கார்ந்தால் அபராதம் உண்டு.

பெண்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கர்நாடகத்திலும் 2023 ஜூன் 11 முதல் பெண்களுக்கு இலவசப் பயணம் உண்டு. அதற்குச் சக்தி திட்டம் என்று பெயர். ஆனால் அது கர்நாடகத்தில் வசிக்கும் பெண்களுக்கு மட்டும். தமிழ்நாட்டு முகவரி உள்ளவர்கள் டிக்கெட் வாங்க வேண்டும். வாங்காமல் இருந்தால் அபராதம் கட்ட வேண்டி வரும்.

5. ஆட்டோவில் ஏறும் முன் கணக்கு

2025 ஆகஸ்ட் 1 முதல் பெங்களூரில் ஆட்டோவுக்கு அரசு வைத்த கட்டணம் இது:

முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய்.
அதன் பிறகு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 18 ரூபாய்.
இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு.

5 கிலோமீட்டர் போக எவ்வளவு ஆகும்? கணக்குப் போடுவோம்.

முதல் 2 கிலோமீட்டர்: 36 ரூபாய்.
மீதி 3 கிலோமீட்டர்: 3 x 18 = 54 ரூபாய்.
மொத்தம்: 36 + 54 = 90 ரூபாய்.

இரவு என்றால் 135 ரூபாய்.

மீட்டர் போடச் சொல்லுங்கள். எல்லோரும் போடுவார்கள் என்று சொல்ல முடியாது. போடாவிட்டால் ஏறும் முன்பே தொகையைப் பேசி முடியுங்கள். எவ்வளவு தூரம் என்று அருகில் உள்ள கடைக்காரரைக் கேட்டு வைத்துக்கொண்டால் நியாயமான தொகை எது என்று தெரிந்துவிடும்.

6. நான்கு சொல் கன்னடம்

பெங்களூரில் தமிழ் புரிந்தவர்கள் நிறைய உண்டு. ஆனாலும் அவர்கள் மொழியில் இரண்டு சொல் பேசினால் அவர்கள் முகம் மலரும். கன்னடம் நமக்கு மிகத் தொலைவான மொழி அல்ல. அம்மா, அப்பா, அண்ணா, அக்கா எல்லாம் அங்கேயும் அதேதான்.

எங்கே - எல்லி
எவ்வளவு - எஷ்டு
வேண்டும் - பேக்கு
வேண்டாம் - பேடா
தண்ணீர் - நீரு
சாப்பாடு - ஊட்டா
தெரியாது - கொத்தில்லா

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தமிழில் "ப" என்று தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் "ஹ" என்று தொடங்கும். பால் என்பது ஹாலு. பூ என்பது ஹூவு. பத்து என்பது ஹத்து. பதிமூன்று என்பது ஹதிமூரு. காவலர் சொன்னது இதைத்தான்!

தமிழில் "வ" என்று தொடங்கும் சில சொற்கள் கன்னடத்தில் "ப" ஆகும். வா என்பது பா. வேண்டாம் என்பது பேடா.

எண்களையும் சொல்லிப் பாருங்கள்: ஒந்து, எரடு, மூரு, நால்கு, ஐது, ஆறு, ஏளு, எண்ட்டு, ஒம்பத்து, ஹத்து.

7. வைத்தியத்துக்குப் போகிறவர்கள்

இதய நோய்க்கு ஜெயதேவா. மூளை, நரம்பு, மனநலத்துக்கு நிம்ஹான்ஸ். புற்றுநோய்க்குக் கித்வாய். மூன்றும் அரசு சார்ந்த மருத்துவமனைகள். நிம்ஹான்ஸ், கித்வாய், இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனை ஆகியவை அருகருகே உள்ளன. "பெரிய ஆஸ்பத்திரி" என்று மட்டும் கேட்டால் தவறான வாசலில் விட்டுவிடுவார்கள். பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

* பழைய மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள்.
* ஆதார் அட்டை, குடும்ப அட்டை, அவற்றின் நகல்கள் கொண்டுபோங்கள்.
* தமிழ்நாட்டு மருத்துவக் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று புறப்படும் முன்பே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.
* எந்தக் கிழமை, எத்தனை மணிக்குச் சீட்டுக் கொடுப்பார்கள் என்று போனில் கேட்டுப் போங்கள்.
* "சீக்கிரம் பார்க்க வைக்கிறேன், பணம் கொடு" என்று வெளியில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே உள்ள விசாரணை இடத்தில் மட்டும் கேளுங்கள்.
* போர்வை ஒன்று கொண்டுபோங்கள். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் இரவு குளிரும்.

செலவு குறைவாகச் சாப்பிட இந்திரா கேன்டீன் உண்டு. 2017ஆம் ஆண்டு தொடங்கியது. சிற்றுண்டி 5 ரூபாய், சாப்பாடு 10 ரூபாய் என்று தொடங்கினார்கள். அருகில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

8. வழி தவறினால்

முதலில் நில்லுங்கள். அங்குமிங்கும் ஓடாதீர்கள். ஒருவரைப் பிரிந்துவிட்டால் கடைசியாகச் சேர்ந்து நின்ற இடத்துக்கே போய் நில்லுங்கள். இதை ஊரிலேயே பேசி வையுங்கள்.

ஒருவரைக் கேட்டு வழி நடக்காதீர்கள். இருவரைக் கேளுங்கள். கடைக்காரர், பேருந்து ஊழியர், காவலர் ஆகியோரைக் கேட்பது நல்லது. இருவர் சொல்வதும் ஒன்றாக இருந்தால் போங்கள்.

பணத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். செலவுக்குச் சில்லறை தனியே இருக்கட்டும். ஊர் திரும்பும் பேருந்துக் கட்டணத்தைத் தனியே முடிந்து வையுங்கள். அதை எதற்கும் தொடாதீர்கள்.

இந்த எண்களைச் சீட்டில் எழுதுங்கள்:

112 - அவசர உதவி, காவல்துறை
108 - ஆம்புலன்ஸ்
1098 - குழந்தை தொலைந்தால்

இவற்றை அழைக்கக் கட்டணம் இல்லை. கர்நாடகத்திலும் இவை வேலை செய்யும்.

கேட்பதில் வெட்கம் வேண்டாம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயோடு கையில் ஒரு சீட்டும் இருந்தால் எந்த ஊருக்கும் போய் வரலாம்.

பேசுங்கள்

1. கன்னடப் பலகை புரியாதது படிப்பில் உள்ள குறையா? ஏன்?
2. கூட்டம் இறங்கியபோது அம்மா ஏன் இறங்கவில்லை?
3. உங்கள் ஊரில் யார் முதலில் பெங்களூரு போனார்கள்? என்ன தொல்லை பட்டார்கள்? கேட்டு வந்து வகுப்பில் சொல்லுங்கள்.

கணக்குப் போடுங்கள்

1. பகலில் 7 கிலோமீட்டர் ஆட்டோவில் போக எவ்வளவு ஆகும்?
2. அதே தூரம் இரவு 11 மணிக்குப் போனால் எவ்வளவு?

எழுதுங்கள்

நீங்கள் போக வேண்டிய ஓர் ஊருக்குச் சீட்டு எழுதுங்கள்.

போகும் இடம்: ____________
பகுதி, பின்கோடு: ____________
இறங்கும் இடம்: ____________
பேருந்து எண்: ____________
அங்கே உள்ளவர் போன் எண்: ____________
ஊரில் உள்ளவர் போன் எண்: ____________